லோரியின் பின்னால் ஒரு குடம்

பஹாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பட்டறையில் ஒரு காலைப் பொழுது நின்றிருந்தோம். பெரட்டு முடிந்து ஆட்கள் குலை வெட்டப் போய்விட்டார்கள். லோரி மட்டும் போகவில்லை.

"நேத்து சாயங்காலமே பின்னாடி உம்முனு ஒரு சத்தம். நாளைக்குப் பாக்கலாம்னு விட்டா நடுக்காட்டுல நிப்பாட்டிடும் சார்" என்றார் டிரைவர் அண்ணன்.

லோரி நின்றால் தோட்டத்துக்கு மட்டுமா நஷ்டம்? வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். நேற்றைய குலை மேடையிலேயே கிடந்தால் இன்றைய வெட்டு குறையும். குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் சம்பளத்தில் அது தெரியும்.

பெரிய லோரியின் பின்னச்சு நடுவில் குடம் போல் உருண்டிருக்கிறதே, அதுதான் டிபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப் போட்டால் டயர் தேயும், அச்சு முறுக்கிக்கொள்ளும். இரண்டும் தத்தம் வேகத்தில் சுற்ற வழி செய்வது இந்தக் குடத்துக்குள் இருக்கும் பல்சக்கரங்கள். பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்காக இதற்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். இன்றைய லோரியிலும் அதே தத்துவந்தான்.

உள்ளே பெரிய கிரவுன் சக்கரம் எண்ணெயில் பாதி முங்கிச் சுற்றும். சுற்றும்போது எண்ணெயை வாரி மற்ற பற்களின் மேல் அடிக்கும். எண்ணெய் குறைந்தால் வாருவதற்கு ஒன்றுமில்லை. அதிகமானாலோ நுரைத்துச் சூடேறி சீல் வழியாகக் கசியும்.

இஞ்சின் எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றுவார்கள் சிலர். கூடாது. இங்கே பற்கள் ஒன்றையொன்று வழுக்கி நசுக்கும். அந்த நசுக்கலைத் தாங்க கந்தக மருந்து கலந்த கியர் எண்ணெய் வேண்டும். அந்த அழுகிய முட்டை வாடை அதனால்தான் வருகிறது. டின்னில் ஜி.எல்.5 என்றும், 80W-90 அல்லது 85W-140 என்றும் போட்டிருக்கும். எது, எத்தனை மைலுக்கு ஒரு தடவை என்பதை வண்டிப் புத்தகம் சொல்லும்.

அண்ணன் லோரியைச் சற்று ஓட்டிவந்து சமதரையில் நிறுத்தினார், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். கிளீனர் தம்பி நேரே அடிப்பிளக்கில் ஸ்பேனர் வைக்கப் போனான்.

"டேய், மேல உள்ளதை மொதல்ல தெற! அது தெறக்க வரலைன்னா, கீழ ஊத்திட்டு என்னடா பண்ணுவ?"

நமக்கும் அது அன்றுதான் உறைத்தது.

சூடாக இறங்கிய எண்ணெய் தேத்தாரேக் நிறத்தில் வந்தது. அண்ணன் முகம் மாறியது. தண்ணீர் கலந்திருக்கிறது! மழைக்காலத்தில் ஓடையில் இறங்கும்போது சூடான குடம் திடீரென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்ற சிறு மூச்சுத்துளை வழியாகவோ பழைய சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடிப்பிளக்கில் இருந்த காந்தத்தில் கருஞ்சாந்து போல் மெல்லிய தூள் ஒட்டியிருந்தது. அது சகஜம். பல் துண்டோ சில்லோ ஒட்டியிருந்தால் குடத்தைப் பிரித்தே ஆகவேண்டும்.

அந்த மூச்சுத்துளை சேறு அடைத்துக் கிடந்தால் இன்னொரு வினை உண்டு. உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சக்கரத்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் கட்டையில் இறங்கிவிடும். பழைய புக்கிட் பூத்துஸ் வளைவில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் வழுக்கினால் என்ன கதி? லோரி பிடித்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாம். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

பத்துச் சக்கர லோரியில் இரண்டு பின்னச்சும் இழுக்குமானால் குடமும் இரண்டு. பின்னால் உள்ளதை மாற்றிவிட்டு முன்னதை மறப்பவர்கள் உண்டு.

அண்ணன் பிளக்கைத் துடைத்து முடுக்கி, துளையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை புது எண்ணெய் விட்டார். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அடைப்புத்தான்.

பழைய எண்ணெயை வேலிக் கட்டைக்குப் பூசுவதும் கானில் ஊற்றுவதும் அந்தக் காலத்துப் பழக்கம். 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது அட்டவணைக் கழிவு. பெயர் ஒட்டிய பீப்பாயில் வைத்து உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. குளிர்பானப் போத்தலில் ஊற்றி லயத்து வாசலில் வைக்காதீர்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"பிரேக் சரியில்லைன்னு சொன்னா, ஓட்டுனா ஓட்டு இல்லாட்டி போன்னா?" என்று தம்பி கேட்டான். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. சொன்னதைக் கிராணியிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

லோரி கிளம்பியது. உம்மென்ற சத்தம் குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. "தண்ணி பேரிங்கைத் தின்னிருக்கும். ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடியும் எறக்கிப் பாக்கணும்" என்று அண்ணன் பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் தேதியைக் குறித்தார்.