‘புழல்’னு டைப் பண்ணுங்க... பழைய பி.சி ஏன் திணறும் தெரியுமா?

வாட்ஸ்அப்பில் ‘புழல் வந்துட்டேன்’னு தட்ட உங்களுக்கு ரெண்டு செகண்ட் போதும். ஆனால், 1981 ஆகஸ்ட்டில் வெளியான ஐ.பி.எம் பி.சி-யின் திரையில் ‘புழல்’ என்ற ஒரு சொல்லைக்கூட அப்படியே வரவழைக்க முடியாது. ஏன்னு பார்ப்போமா?

அந்தக் காலத்து பி.சி-யை ஆன் செய்ததும் முதலில் கண் விழிப்பது, மதர்போர்டு சிப்பிலேயே எழுதிவைத்திருக்கும் ‘பயாஸ்’. திரையில் எழுத்தைக் காட்டும் குட்டிக் குட்டி புரோகிராம்கள் அதற்குள்ளேயே இருக்கும். டிபன் கடையில் டோக்கனை நீட்டுகிற மாதிரிதான் அவற்றிடம் வேலை வாங்கணும். பிராசஸரின் ஒரு ரெஜிஸ்டரில் 14 என்று வைத்தால், ‘ஓர் எழுத்தைக் காட்டு’ என்று அர்த்தம். இன்னொன்றில் 65 வைத்தால், அது ஆங்கிலத்தின் முதல் எழுத்து. பிறகு 16-ம் எண் இன்டரப்ட்டைத் தட்டணும். அவ்வளவுதான், எழுத்து திரையில் வந்துவிடும், கர்சரும் தானே ஓர் இடம் நகர்ந்துகொள்ளும். (இப்பவும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் இதைச் செய்து பார்க்கலாம். செம ஜாலியா இருக்கும்!)

திரை என்பது 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டு பைட்: ஒன்று எழுத்தின் எண், இன்னொன்று அதன் நிறம். முழுத் திரைக்கும் 4,000 பைட்தான்!

சிக்கலும் அங்கேதான். ஒரு கட்டம், ஓர் எண், ஒரு படம். பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்குன்னு பயாஸுக்குத் தெரியாது. உங்கள் போன் ‘புழல்’ என்பதை ப, உகரக் குறி, ழ, ல, புள்ளி என ஐந்து எண்களாகச் சேமித்து, காட்டும்போது ஒட்டவைக்கிறது. பயாஸுக்கு ஒட்டவைக்கத் தெரியாது. ‘பு’வுக்குத் தனிப் படம் வேணும், ‘ல்’லுக்கும் தனிப் படம் வேணும்.

இடமோ மொத்தம் 256. ஆங்கிலத்துக்குப் பாதி போனால் மிச்சம் 128. கணக்குப் போடுங்க: உயிர் 11 (‘ஔ’வை ஒ, ள சேர்த்துச் சமாளிக்கலாம்), ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி வைத்தது 18, கி-கீ வரிசை 36, கு-கூ வரிசை 36, கால், கொம்பு வகை 4. ஆக 124. ஜ, ஷ, ஸ, ஹ குடும்பத்துக்கு இடமே இல்லை! அதுபோக, கட்டத்தின் அகலம் 8 புள்ளிதான். அதற்குள் ‘ணூ’ வரைந்து பாருங்க, கஷ்டம் புரியும்.

ஆரம்ப கார்டுகளில் எழுத்தின் வடிவமே சிப்பில் பதிந்திருந்தது. 1984-ல் ஐ.பி.எம்-மின் ‘இ.ஜி.ஏ’ கார்டு வந்த பிறகுதான், அதே இன்டரப்ட்டின் 17-ம் எண் வேலை மூலம் நம்ம எழுத்துருவை ஏற்ற வழி பிறந்தது. புனேயின் சி-டாக், ‘ஜிஸ்ட்’ என்று தனி கார்டே செய்து டாஸில் இந்திய மொழிகளைக் கொண்டுவந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார்.

ஆப்பிள் கருவிகளில் ‘தமிழ் சங்கம் எம்.என்’ என்று ஓர் எழுத்துரு இருக்கும். அந்த எம்.என், இவர்தான்.