ஒழுங்கமைப்பும் வெப்பக் கடத்தலும்

பொலித்தீன் வெப்பத்தை அரிதிற் கடத்தும் பொருளென்றே நாம் கற்றோம். அதன் நீண்ட காபன் சங்கிலிகள் சிக்குண்டு கிடப்பதால், வெப்பத்தைக் காவும் அதிர்வுகள் வழியிலேயே சிதறுகின்றன. 2010இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர் அதனை மிக நுண்ணிய இழையாக நீட்டி, சங்கிலிகளை ஒரே திசையில் நிரைப்படுத்தினர். இழையின் நெடுக்கே கடத்துதிறன் ஏறத்தாழ 300 மடங்காயிற்று. உலோகங்கள் பலவற்றையும் விஞ்சிற்று. புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. மாறியது மூலக்கூறுகளிடையான ஒழுங்கே.

இதில் இயங்கியலுக்குச் சான்று தேடும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தல் நன்று. 2012இல் சிலந்திப்பட்டு செம்புக்கு நிகராக வெப்பங் கடத்துமென ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த அளவீடுகளோ சாதாரண பல்பகுதியங்களின் அளவையே காட்டின. பட்டில் ஒழுங்கான பளிங்குப் பகுதிகள் உள. ஆயின் அவற்றினிடையே ஒழுங்கற்ற புரதச் சங்கிலிகளும் உள. வெப்பம் தடையுறுவது அங்கேயே.