அதட்டினால் நிற்காத கண் சிமிட்டல்

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென்று கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்ட ஆரம்பிக்கிறான். டிவியும் செல்போனும்தான் காரணம் என்று வீட்டில் முடிவாகிவிடும். கண் டாக்டர் பார்த்துவிட்டு, பார்வை சரியாக இருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதித் தருவார். ஒன்றிரண்டு மாதத்தில் சிமிட்டல் நிற்கும், சொட்டு மருந்துக்கு நல்ல பெயர் கிடைக்கும். பிறகு மூக்கை உறிஞ்சத் தொடங்குவான். சைனஸ் என்று சொல்லி ஆவி பிடிக்க வைப்பார்கள். அது அடங்கியதும் தொண்டையைச் செருமுவான். இருமல் சிரப் வரும், நெபுலைசர் வரும். நடுவே பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருப்பார். "நாலு பேர் முன்னாடி ஏண்டா இப்படி மூஞ்சியைக் கோணுறே?" என்று அப்பா அதட்டியிருப்பார். கண்ணும் மூக்கும் தொண்டையும் தனித்தனி டாக்டர்களிடம் போய்விட்டதால், மூன்றும் ஒரே விஷயமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்த ஒரே விஷயத்துக்குப் பெயர் டிக். சட்டென்று வந்து, ஒரு நொடியில் முடிந்து, அதே மாதிரி திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழு வயதுக்குள், முகத்தில்தான் தொடங்கும். முதலில் வருவது அநேகமாகக் கண் சிமிட்டல். பிறகு வாயைக் கோணுவது, கழுத்தை வெட்டுவது, தோளைக் குலுக்குவது, செருமுவது, 'ம்' என்று ஒலி எழுப்புவது என்று இடம் மாறும். ஆண் குழந்தைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். பள்ளி வயதில் ஐந்தில் ஒரு குழந்தை வரை ஏதாவது ஒரு கட்டத்தில் சில வாரமோ சில மாதமோ டிக் வந்து போவதாகச் சொல்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

பெற்றோரைக் குழப்புவது இதன் போக்குதான். சில வாரம் கூடும், சில வாரம் அறவே இருக்காது. பரீட்சை, தூக்கமின்மை, காய்ச்சல், ஏன், தீபாவளிச் சந்தோஷம்கூடக் கூட்டிவிடும். கேரம் ஆடும்போதோ கீபோர்டு வாசிக்கும்போதோ காணாமல் போகும். இதைப் பார்த்துத்தான் "அவன் நினைச்சா நிறுத்த முடியுது, வேணும்னே பண்றான்" என்கிறார்கள். தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், தும்மாமலே இருந்துவிட முடியாது. டிக்கும் அப்படித்தான். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளைக் கேட்டால், டிக் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு, ஒரு இறுக்கம் ஏறுவதாகவும், செய்து முடித்தால்தான் அது விடுவதாகவும் சொல்வார்கள். சின்னக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. வகுப்பில் ஆறு மணி நேரம் அடக்கி வைத்திருந்துவிட்டு, வீட்டு வாசலில் பையைக் கழற்றியதும் கொட்டித் தீர்க்கிற குழந்தைகள் உண்டு. "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன்?" என்று அம்மா குழம்புவது இதனால்தான்.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. வேண்டாத அசைவுகளைத் தடுத்து நிறுத்துகிற நரம்புச் சுற்று இந்தக் குழந்தைகளிடம் சற்று வேறு மாதிரி வேலை செய்கிறது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. விசாரித்தால், "இவன் தாய்மாமனும் சின்ன வயசுல இப்படித்தான் தோளைக் குலுக்கிட்டே இருப்பான்" என்று பாட்டியே சொல்லிவிடுவார். பயமும் பதற்றமும் டிக்கைக் கூட்டும், ஆனால் உண்டாக்குவது அவை அல்ல. வளர்ப்பு சரியில்லை என்ற பழிக்கு ஒரு வரலாறே இருக்கிறது. பாரீஸில் 1885-ல் ஜில் த லா தூரெத் என்ற மருத்துவர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதி, இது பரம்பரையாக வரும் நரம்புக் கோளாறு என்றார். அடுத்த நூற்றாண்டில் உளப்பகுப்பாய்வாளர்கள் அதை அடக்கி வைத்த மனக் கொந்தளிப்பு என்று திருப்பிப் போட்டார்கள். 1960-களில் ஹாலோபெரிடால் என்ற மருந்துக்கு டிக் அடங்குவது தெரிந்து, 1968-ல் ஆய்வாளர்கள் ஆர்தர் ஷபீரோவும் எலைன் ஷபீரோவும் அதைக் கட்டுரையாக எழுதிய பிறகே அந்தப் பேச்சு தளர்ந்தது. நம் ஊரில் இன்னும் முழுதாகத் தளரவில்லை. மருமகளைக் குற்றம் சொல்ல இன்னொரு காரணம் கிடைத்தால் விடுவார்களா?

ஜில் த லா தூரெத்தின் பெயரால்தான் டூரெட் சிண்ட்ரோம். பதினெட்டு வயதுக்கு முன் தொடங்கி, உடலசைவு டிக் குறைந்தது இரண்டும் ஒலி டிக் குறைந்தது ஒன்றும் வந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அந்தப் பெயர் கொடுப்பார்கள். கெட்ட வார்த்தை கத்துவதுதான் டூரெட் என்று சினிமாக்கள் பரப்பியிருக்கின்றன. உண்மையில் அது பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குத்தான். தொல்லை பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். டூரெட் உள்ள குழந்தைகளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு வளர்ந்தபின் டிக் நின்றேவிடுகிறது, இன்னொரு பங்கினருக்கு வெகுவாகக் குறைகிறது. ஆனால் டிக்கோடு கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டியோ, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஓசிடியோ சேர்ந்து வருவது சகஜம். குழந்தையின் படிப்பையும் நட்பையும் கெடுப்பது பல நேரம் அவைதான். டிக் கண்ணில் படுகிறது என்பதற்காக அதையே துரத்திக்கொண்டிருந்தால் இவை தப்பிவிடும்.

விரல் சூப்புவதும் நகம் கடிப்பதும் டிக் அல்ல, பழக்கங்கள். சூப்புகிற குழந்தைகளில் பெரும்பாலானவை நான்கு வயதுக்குள் தானே விட்டுவிடும். நிலைப்பற்கள் முளைக்கும் வயதிலும் தொடர்ந்தால்தான் பல் வரிசை கெடும். அதற்கு முன் விரலில் வேப்பெண்ணெயும் மிளகாய்த் தூளும் தடவுவது குழந்தைக்குத் தண்டனையே தவிர வைத்தியம் அல்ல. மிளகாய் கண்ணுக்குப் போனால் வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். கையைப் படபடவென்று ஒரே தாளத்தில் அடிப்பது, உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது இரண்டும் மூன்று வயதுக்கு முன்பே தொடங்கும் வேறு வகை. பேச்சும் தாமதமாக இருந்தால் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்ட வேண்டும். முடியைப் பிடுங்கி விழுங்கும் பழக்கத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அது வயிற்றுக்குள் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும்.

டிக் என்று எல்லாவற்றையும் சும்மா விட்டுவிடவும் கூடாது. விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை அப்படியே உறைந்து, இமை மட்டும் துடிக்க, கூப்பிட்டாலும் தொட்டாலும் சில நொடி திரும்பவில்லையென்றால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். டிக் வரும் குழந்தைக்கு நினைவு தப்பாது, பேசிக்கொண்டே சிமிட்டும். வாந்திக்கு மருந்து கொடுத்த அன்றோ மறுநாளோ கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டால் மருந்தின் விளைவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் நாட்டில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, தொண்டைப் புண்ணுக்குச் சில மாதம் கழித்து வருவது. கைகால் நெளிந்துகொண்டே இருக்கும், டம்ளர் கைநழுவும், போன மாதம் குண்டு குண்டாக இருந்த கையெழுத்து கிறுக்கலாகும், காரணமில்லாமல் அழுகை வரும். இது ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு முகம். சேட்டை என்று விட்டால் இதய வால்வு பழுதாகும். கண்டுபிடித்தால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட்டு இதயத்தைக் காக்கலாம்.

டாக்டரிடம் போகுமுன் செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் டிக் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். "வீட்ல பண்ணுனியே, டாக்டர்கிட்ட பண்ணிக் காட்டு" என்று குழந்தையை மிரட்டத் தேவையில்லை. எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே மாறியது என்று ஒரு தாளில் எழுதிப் போனால் பாதி வேலை முடிந்தது. வழக்கமான டிக்குக்கு ஸ்கேனும் இஇஜியும் தேவைப்படாது. டாக்டருக்கு வேறு சந்தேகம் இருந்தால்தான் கேட்பார்.

சிகிச்சையில் முதலாவது, வீட்டில் அதைப் பற்றிப் பேசாமலிருப்பது. பேச்செடுத்தாலே டிக் கூடும். தூக்கம் சரியாக வேண்டும். டிக்கால் வலியோ கேலியோ படிப்புத் தடையோ இருந்தால் அடுத்தது நடத்தைப் பயிற்சி. அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட முறை இதன் வேர். குறுகுறுப்பு ஏறும்போதே அடையாளம் கண்டு, டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத ஒன்றைச் செய்வது: செருமல் என்றால் மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது, தோள் குலுக்கல் என்றால் முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடிப்பது. அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் பத்து வாரம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேல் நன்றாகத் தேறினார்கள். வெறும் ஆறுதல் ஆலோசனை மட்டும் கிடைத்தவர்களில் தேறியவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் போன்ற மருந்துகளும் உண்டு. அவை டிக்கைக் குறைக்கும், அடியோடு எடுக்காது. தூக்கக் கலக்கம், எடை கூடுவது என்ற விலையும் உண்டு. 'நரம்புத் தளர்ச்சிக்கு' என்று டிவியில் விற்கும் லேகியத்துக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

அரசு வழியில் போக, மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவையும் மனநலப் பிரிவையும் அணுகலாம். பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி பள்ளிக்கூடம். டிக் பண்ணும் குழந்தையைப் பெஞ்சு மேல் ஏற்றுவது, வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, "இன்னொரு தடவை சத்தம் வந்தா பார்" என்பது, மற்ற பிள்ளைகள் அந்த அசைவைச் செய்து காட்டிச் சிரிக்கும்போது கண்டுகொள்ளாமல் இருப்பது எல்லாம் நடக்கின்றன. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது, மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கைக்கும் இடம் தருகிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் டூரெட் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதைக் காட்டித் தேர்வில் வசதி தர மறுப்பவர்களுக்கு 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு பதிலாகும். எழுதும்போது கை இறுகும் கோளாறு உள்ள ஒருவர், ஊனம் 40 சதவீதத்தைத் தொடாவிட்டாலும் எழுத்தர் உதவி கேட்கலாம் என்றது நீதிமன்றம். நியாயமான வசதி என்பது சதவீதச் சான்றிதழைப் பொறுத்ததல்ல என்பது அதன் சாரம். கழுத்து வெட்டி வெட்டி இழுப்பதால் வேகமாக எழுத முடியாத பிள்ளைக்குக் கூடுதல் நேரமோ தனி அறையோ கேட்க இதை மேற்கோள் காட்டலாம்.

எடுத்த எடுப்பில் புகாருக்குப் போக வேண்டியதில்லை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இது நரம்பு சார்ந்தது, தொற்றாது, அடக்கச் சொன்னால் கூடும், தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் வெளியே போய்வர விடுங்கள் என்ற நான்கு வரி போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கே மாறிவிடுவார்கள், அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்படியும் மாறாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, எழுத்தில் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். நகலில் வாங்கிய அந்தக் கையெழுத்து அப்போது உதவும். வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் உங்கள் குழந்தையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சிலர் தாங்களே எழுந்து சொல்ல விரும்புவார்கள், சிலர் அதைவிடக் கேலியே மேல் என்பார்கள். கடிதத்தை ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். வகுப்பாசிரியர் மாறியிருப்பார், கண் சிமிட்டல் என்று போன வருடம் எழுதியது இந்த வருடம் தோள் குலுக்கலாகியிருக்கும்.