கடிகாரம் செய்யும் மாயம்

போன மார்கழியில் ஒரு நாள் மாலை ஆறு மணி. அம்பத்தூரில் எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். லண்டனிலிருந்து பிள்ளை தொலைபேசியில் சொன்ன பிரயாண விவரத்தை அதில் எழுதி வைத்திருந்தாள். அவள் கணவரோ ஆஸ்பத்திரியில், கண் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"பகல் ஒரு மணிக்கு ஏறி, விடியற்காலை நாலரைக்குத்தான் வருகிறானாம், தம்பி! பதினைந்தரை மணி நேரமா? அதுவரைக்கும் அவர்..." மேலே பேச அவளால் முடியவில்லை.

"பத்து மணி நேரம்தான், அம்மா" என்றேன்.

எப்படி என்கிறீர்களா? பனிக்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதற்கு 5½ மணி பின்தங்கியது. அங்கே பகல் ஒரு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் 4½ மணிதான். இரண்டு நேரத்தையும் நம்மூர்க் கணக்குக்கு மாற்றிக்கொண்டு பிறகு கழியுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 8,200 கிலோமீட்டர். பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரேன் என்று அது போகும். ஆனால் விமானம் நூல் பிடித்தாற்போல் போக முடிகிறதா? 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரேன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. சுற்றித்தான் போகவேண்டும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது மணி சொச்சம் போதும். ஏறுவது, இறங்குவது, சுற்றுவது எல்லாம் சேர்ந்து பத்து, பதினொன்று ஆகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, இங்கே வருகிறவர்களைத் தள்ளிவிடும்; அங்கே போகிறவர்களை மறிக்கும். 1948 ஜூன் 8-ம் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் முதல் லண்டன் விமானமோ, கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி இறங்கித்தான் போய்ச் சேர்ந்தது.

அன்று விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. பெட்டி வருவதற்குத்தான் தாமதம். மீனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் சுமார் 20 கிலோமீட்டர். மாலை வேளையில் மதுரவாயலைத் தாண்டுவதே பெரும்பாடு. அந்த விடியற்காலையிலோ பைபாஸ் காலியாகக் கிடந்தது. ஆறரை மணிக்குள் பிள்ளை தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அவன் திரும்பினான். காலை ஆறரைக்கு விமானம். லண்டனில் பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்கும். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டுமே! இரவு இரண்டரைக்கே வாசலில் கார் வந்து நின்றது.

கார் போன பிறகு அந்த அம்மாள் கேட்டாள்: "வருவதற்குப் பதினைந்தரை மணி, போவதற்கு மட்டும் ஐந்தரை மணிதானா, தம்பி?"

கணக்குத் தெரிந்தும் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.