எட்டயபுரத்தில் நான்கு நாள்: ஆட்டுச்சந்தையில் தொடங்கி அடங்கல் வரை

திருப்பூரில் ஏறிய பஸ் சனிக்கிழமை விடியற்காலை கோவில்பட்டியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து எட்டயபுரம் வந்து சேர்ந்தது அந்தக் குடும்பம். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மனைவி செக்கிங் வேலை. எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன். தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு ஆள் வரவில்லை. 'நேரே சந்தைக்கு வந்திருங்கய்யா' என்று சித்தப்பா போனில் சொல்லிவிட்டார்.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தை சனிக்கிழமைதோறும் கூடுவது. தென்மாவட்டங்களில் இதன் பெயர் தெரியாத வியாபாரி இருக்க மாட்டார். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சந்தையில் இருட்டு விலகுவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். பிள்ளைகள் இருவரும் தூக்கம் கலையாமல் ஆடுகளுக்கு நடுவே நின்றார்கள். 'தாத்தா, இது செம்மறியா வெள்ளாடா?' என்று பையன் கேட்டான். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு விழுந்த அந்த ஆடு இந்தப் பக்கத்து வேம்பூர்ச் செம்மறி. ஊரில் பொட்டு ஆடு என்பார்கள். பக்கத்தில் நெட்டைக் காலோடு நின்றது கொடி ஆடு. இரண்டுமே கரிசல் காட்டின் வெயிலுக்கும் குறைந்த தீவனத்துக்கும் பழகிய இனங்கள்.

சித்தப்பா நான்கு கிடாய்களை விற்றார். அந்தப் பணம் தீபாவளிச் செலவுக்குப் போகவில்லை. விதைக்கடைப் பாக்கிக்கும் உரத்துக்கும் போனது. மானாவாரி விவசாயிக்கு ஆடுதான் வங்கி என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை. மறுபடி குட்டி வாங்கலாமா என்று அவருக்கு ஒரு யோசனை இருந்தது, பிறகு விட்டுவிட்டார். அது நல்ல முடிவு. மழைக்காலத் தொடக்கத்தில் சந்தையில் வாங்கும் ஆட்டோடு ஆட்டுக்கொல்லி நோயும் சேர்ந்து பட்டிக்கு வரலாம். அப்படியும் வாங்கினால் இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்து, தடுப்பூசி போட்ட பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும்.

மத்தியானம் காட்டுக்குப் போனார்கள். அண்ணன் தம்பிக்குச் சேர்த்து ஆறு ஏக்கர். அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் பங்கான மூன்று ஏக்கரையும் சித்தப்பாவே பார்த்து வருகிறார். மூன்று ஏக்கர் மக்காச்சோளம், மீதியில் உளுந்தும் பாசியும். புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் விதைத்தாயிற்று. நிலத்தில் பச்சை எதுவும் இல்லை, கறுப்பு மண்ணும் வெடிப்பும்தான். 'இதுல எங்க தாத்தா பயிர்?' என்றாள் மகள்.

அவள் கேட்டதில் தவறில்லை. ஆற்றுப் பாசனத்துக்காரர்களுக்கே இது விளங்குவது கடினம். கரிசல் மண் நனைந்துவிட்டால் கால் வைக்க முடியாது, உழவு ஓட்ட முடியாது. அதனால்தான் பருவமழைக்கு முன்பே விதைத்துவிடுகிறார்கள். சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது. சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழுந்த விதை, சும்மா தூறும் மழைக்கு முளைக்காது. மண் உள்ளே வரை நனையும் மழைக்குத்தான் முளைக்கும். மேலாக விழுந்த விதை தூறலை நம்பி முளைத்து, அடுத்த வெயிலில் கருகும். சோளம் விதைப்பவர்கள் விதையை 2 சதவிகிதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் இளம்பயிர் வறட்சி தாங்கும். செலவு அதிகமில்லை. இருந்தும் செய்பவர்கள் குறைவு.

'விதைச்சுப்போட்டு வானத்தப் பாத்து உக்காந்திருக்கேன்யா. போன வருசம் ரெண்டு தடவ விதைச்சோம்' என்றார் சித்தப்பா. மகன் முறைக்காரர் தலையை ஆட்டினார். அவர் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரில் ஒன்றரை சென்ட் இடம் பேசி முன்பணம் கொடுத்திருந்தார். ஊர்ப் பங்கை விற்றால்தான் மீதியைக் கட்ட முடியும். புரோக்கர் ஒருவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். சித்தப்பாவிடம் இதை எப்போது சொல்வது என்று தெரியாமல்தான் பஸ் ஏறியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல். கழுகுமலையில் ஒரே பாறையைக் குடைந்த வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு, கோவில்பட்டியில் சித்தியின் தங்கை வீட்டில் சாப்பாடு. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயில் இரண்டு கிலோ பைக்குள் ஏறியது. சாயங்காலம் எட்டயபுரம் திரும்பி பாரதி பிறந்த வீடு, 1947-ல் திறக்கப்பட்ட மணிமண்டபம், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடம். பாரதி வீட்டுக்கு வரும் விவசாயிகள் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு போகலாம். பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயர், கரிசல் பருத்தியை நம்பி இதே ஊரில் பஞ்சாலை தொடங்கி, கைப்பணத்தை எல்லாம் இழந்தவர். 1898-ல் அவர் இறந்தபோது பாரதிக்கு 16 வயதுகூட ஆகவில்லை. பருத்தியில் போட்ட பணத்தை இழந்தவர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்ல.

முத்துசுவாமி தீட்சிதர் சமாதியில்தான் அதிக நேரம் இருந்தார்கள். சங்கீதம் தெரிந்து அல்ல, அங்கே நிழலும் காற்றும் இருந்தது. ஆனால் தீட்சிதர் கதை இந்தக் குடும்பத்தின் கதைக்கு ரொம்ப தூரம் இல்லை. அவருடைய தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். தம்பியைத் தேடித்தான் தீட்சிதர் இந்தப் பக்கம் வந்தார். வழியில் மழையில்லாமல் காய்ந்து கிடந்த நிலத்தைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று சொல்வார்கள். 1835-ல் தீபாவளியன்று இங்கேயே காலமானார். மழை வந்த கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கரிசலில் ஐப்பசி பிறந்தும் மழை இல்லாவிட்டால் ஊரே அப்படி ஒரு பாட்டுக்குக் காத்திருக்கும் என்பது மட்டும் இன்றைக்கும் மாறவில்லை.

திங்கள்கிழமை தீபாவளி. எண்ணெய்க் குளியல், ஆட்டுக்கறி, வெடி. புரோக்கர் மூன்றாவது முறையாக அழைத்தார், போன் எடுக்கப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர்கள் ஊர் திரும்பியிருக்க வேண்டும். சித்தப்பாதான் நிறுத்தினார். 'ஆபீஸ் தெறக்கிற நாளா ஒருநாளாவது இருந்துட்டுப் போய்யா. நீ வராம ஒண்ணும் நடக்கல.' கிராம நிர்வாக அலுவலரிடம் போனபோதுதான் முடிச்சு தெரிந்தது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. அண்ணன் இருக்கும்போதும் மாற்றவில்லை, இறந்த பிறகும் மாற்றவில்லை. சாகுபடி செய்பவர் என்று அடங்கலில் பெயர் இருப்பதால் சித்தப்பா பயிர்க் காப்பீடு செய்துவிடுகிறார். ஆனால் அரசு வழங்கும் விவசாயி அடையாள எண்ணோடு நில விவரத்தை இணைக்கப் போனால், இறந்தவர் பெயரில் உள்ள நிலம் இடறுகிறது. அதே காரணத்தால் மகன் முறைக்காரர் தன் பங்கை விற்கவும் முடியாது.

நம் கிராமங்களில் பாதிக் குடும்பத்துக்கு இதே நிலைதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருபவர்கள் ஆளுக்கொரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்களே தவிர, பட்டாவை எடுத்துப் பார்ப்பதில்லை. இறப்புச் சான்றோடு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை வழங்குபவர் வட்டாட்சியர். அது வந்ததும் பெயர் மாற்றம். பங்கு பிரித்துத் தனிப்பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவுக்குக் கட்டணம் கட்டி, நில அளவர் வந்து அளக்கும்போது பங்காளிகள் எல்லோரும் நிற்பது நல்லது. வெளியூரில் இருப்பவர் இல்லாமல் முடியாத வேலைகள் இவை.

விண்ணப்பம் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சொல்லிவிட்டார். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

'உன் பங்கு, நீ வித்துக்கோ. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வெதை மண்ணுக்குள்ள கெடக்கு. தை கழியட்டும். வாங்குறவன் வெளியாளா இருந்தா பாதைக்கு என் பங்கு வழியாத்தான் வரணும், அதையும் யோசிச்சுக்கோ. எனக்கே குடுத்தாலும் சரி, ஒரேயடியா ரூவா தர என்கிட்ட இல்ல. ஆடு வித்து வித்துத்தான் தரணும்.'

'அப்பா, நம்ம எடத்தையா?' என்று மகள் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மனைவிதான், 'தை வரைக்கும் திருப்பூர்க்காரங்ககிட்ட தவணை கேட்டுப் பாப்போம்' என்றார். அன்று ராத்திரி பஸ் ஏறினார்கள். ஒருநாள் சம்பளம் போயிற்று.

ஐந்தாம் நாள் கரிசலில் நல்ல மழை பெய்தது. அடுத்த வாரம் திருப்பூரிலிருந்து போன் வந்தது. பேசியது மகள்.

'தாத்தா, மொளைச்சிருச்சா?'

'மக்காச்சோளம் வந்துருச்சு தாயி. ஓடை ஓரத்துல மட்டும் பன்னி கிண்டிருச்சு, அங்கன திரும்ப ஊனணும். குருத்துல புழு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். உங்கப்பன்கிட்ட போனக் குடு, வாரிசுச் சான்றுக்கு எதோ ஒரு காயிதம் கேக்குறாங்களாம்.'