விளக்கு எரியாத கோளாறு

2025 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்கள் வண்டியே தன் கோளாறைக் கண்டறிய வேண்டும் என்னும் 'ஓபிடி 2பி' விதிக்கு உட்பட்டாக வேண்டும். சத்யவேடு வட்டாரத்தில் ஹீரோ தொழிற்சாலை இருப்பதாலோ என்னவோ, இந்தச் செய்தி வந்ததிலிருந்து சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்து வாசகர்கள் கடிதமாக எழுதித் தள்ளுகிறார்கள். இனி வண்டியே தன் கோளாறைச் சொல்லிவிடும் என்கிறார்களே, அப்படியானால் மெக்கானிக்கே வேண்டாமா என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேருக்கு வேறு புகார்: சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள், மாற்றியும் வண்டி சரியாகவில்லை, டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, பெட்ரோல் மட்டும் குடிக்கிறது.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. விதிப்புத்தகத்தின்படி கோளாறு என்பது வண்டியில் உள்ள கணினியால் கண்டுபிடிக்க முடிந்த கோளாறு மட்டுமே. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 உடன் வந்த முதல் கட்டம், முக்கியமாகச் சென்சாரின் வயர் அறுந்திருக்கிறதா, வேறு வயரோடு உரசிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தது. 2023-ல் வந்த கட்டமும் இப்போதைய 2பி-யும் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்ற கண்காணிப்பைக் கூட்டின. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 'எல்லாக் கோளாறும் தெரிந்துவிடும்' என்று ஷோரூமில் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. ஏன் என்று, கார் இன்ஜினின் சூட்டுச் சென்சாரை உதாரணமாக வைத்துக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

இன்ஜின் சூட்டைக் கணினி எப்படி அறிகிறது?

கணினிக்குச் சூடு தெரியாது. மின்னழுத்தம் மட்டுமே தெரியும். குளிர்நீர் ஓடும் வழியில் பித்தளை உறைக்குள் ஒரு சிறு தெர்மிஸ்டர் மணி இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை சரசரவென்று இறங்கும். பல கார்களில் பொருத்தப்படும் வகையை எடுத்துக்கொண்டால் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320, 100 டிகிரியில் 190-க்கும் கீழே. கணினி தன் பக்கம் ஒரு நிலையான மின்தடையை வைத்து, அதன் வழியாக 5 வோல்ட்டை இந்த மணிக்கு அனுப்புகிறது. நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்து, தன்னிடம் உள்ள அட்டவணையில் அதற்கு நேரே இருக்கும் டிகிரியை எடுத்துக்கொள்கிறது.

வயர் முழுதாக அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அட்டவணையின் அந்தக் கோடியில் இருப்பது உறைகுளிர். அதனால்தான் திருப்பதி மே மாத வெயிலில் ஸ்கேனரைச் செருகினால் இன்ஜின் மைனஸ் 40 டிகிரி என்று திரையில் வந்து நிற்கிறது. மெக்கானிக்குகளுக்கு இது பழகிய எண். கணினிக்கும் இது நடக்காத காரியம் என்று தெரியும். உடனே விளக்கை எரியவிடும், பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனையும் நிறுத்தாமல் ஓட்டும். இந்த அளவில் விதி வாக்குக் கொடுத்ததைச் செய்கிறது.

எனக்குக் கவலை தருவது அறுந்த வயர் அல்ல. பாதி கெட்ட வயர். மழைநீர் இறங்கி கனெக்டரின் பின்னில் பச்சை பூத்துவிடுகிறது. அந்த இடம் 300 ஓம் தடையைக் கூடுதலாகச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில், 20 டிகிரியில், 2,500 ஓம் 2,800 ஆகும். கணினி அதை 17 டிகிரி என்று படிக்கும். மூன்று டிகிரி வித்தியாசத்தை யார் கவனிக்கப்போகிறார்கள்? அதே வண்டி ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறுகிறது. குளிர்நீர் 100 டிகிரியைத் தொடுகிறது. மணியின் உண்மையான தடை 186 ஓம். அதோடு பச்சை பூத்த பின்னின் 300-ம் சேர்ந்து 486. அட்டவணையில் அதற்கு நேரே இருப்பது ஏறத்தாழ 67 டிகிரி.

அதாவது கொதிநிலையை நெருங்கும் இன்ஜினைக் கணினி இன்னும் சூடேறாத இன்ஜின் என்று நினைக்கிறது. 95 டிகிரி தாண்டினால்தான் ஃபேன் சுழல வேண்டும் என்று எழுதிவைத்திருந்தால், ஃபேன் சுழலவே சுழலாது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கொடுப்பதுபோல எரிபொருளையும் கூட்டிக் கொடுக்கும். டேஷ்போர்டு முள்ளும் இதே சென்சாரைப் பார்த்து அசைவதாக இருந்தால், அதுவும் 'எல்லாம் நலம்' என்றே காட்டும். விளக்கு? பெரும்பாலும் எரியாது. எண் நம்பும்படி இருக்கிறதா என்று ஒப்பிடும் சோதனைகள் கணினியில் உண்டுதான்; ஆனால் 67 டிகிரி என்பது ஓடும் இன்ஜினுக்கு நம்பத்தக்க எண்.

மாற்றியும் சரியாகாத மர்மம் இதுதான். மணி நன்றாகவே இருந்தது, கெட்டது கனெக்டர். புது மணியையும் அதே கனெக்டரில்தானே செருகினார்கள்? காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்கேனரில் இன்ஜின் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் இந்தக் கோளாறு அதில் தப்பிவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சென்சாரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஒருமுறை, கணினிப் பக்கத்து முனையில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

வேறு எங்கேயும் இப்படி நடக்குமா?

சித்தூர் மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளிலும் பால் பதப்படுத்தும் இடங்களிலும் பெரும்பாலும் பிளாட்டினச் சென்சார். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். தெர்மிஸ்டருக்கு நேர்மாறாக, சூடு ஏறினால் இதன் தடையும் ஏறும். டிகிரிக்கு 0.4 ஓம்கூடக் கிடையாது. ஆகவே நீண்ட வயரில் ஒரே ஒரு ஓம் கூடினாலும் காட்டும் எண் இரண்டரை டிகிரி ஏறிவிடும். பாலை 72 டிகிரியில் 15 நொடி வைக்க வேண்டும் என்பது விதி. திரை 72 காட்ட, பால் 70-ஐக்கூடத் தொடாமல் போகலாம். கார் இன்ஜினில் கூடுதல் தடை சூட்டைக் குறைத்துக் காட்டியது. இங்கே கூட்டிக் காட்டுகிறது. இரண்டிலும் பிழை சாய்வது ஆபத்தான பக்கம்.

ஆலைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து மூன்றாவது வயர். இரண்டு வயர் சென்சாரை அளக்கும், மூன்றாவது வயர் வயரையே அளக்கும். கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொள்ளும். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. 'வெப்பநிலை கண்காணிக்கப்படுகிறது' என்று எழுதி ஒட்டியிருக்கும் ஆலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை வயர்?

2023 ஜூலை 14-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3 லேண்டரிலும் இதே பிளாட்டினக் குடும்பம்தான் போனது. நிலவு மண்ணில் இறக்கிய சாஸ்டே கருவியின் கோலில் பத்துச் சென்சார்கள். 8 செ.மீ. ஆழத்துக்குள் மேலே 50 டிகிரி, கீழே மைனஸ் 10 என்று அந்த ஆண்டு ஆகஸ்ட் 27-ல் இஸ்ரோ வரைபடம் வெளியிட்டது. ஒரே கோலில் பத்து இருந்தால் பொய் சொல்லும் ஒன்றைப் பக்கத்துச் சென்சார்கள் காட்டிக்கொடுக்கும். கார் இன்ஜினில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்.

ஆக்சிலரேட்டர் சென்சாரும் இப்படித்தானா?

அது சூட்டை அல்ல, இடத்தை அளப்பது. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருக்கும் அதே பாகம்: ஒரு கார்பன் தடம், அதன்மேல் நகரும் முனை. அதிகம் நிற்கும் இடத்தில் தடம் தேயும். அங்கே வண்டி திக்கும். மின்னணு த்ராட்டில் உள்ள கார்களில் இரண்டு தடம் வைப்பார்கள். சில வடிவமைப்புகளில் ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கும், கூட்டினால் எப்போதும் 5 வோல்ட். கூட்டல் தவறினால் கணினி வேகத்தைக் குறைத்துவிடும். வேகத்துக்குச் செய்த இந்தக் காவலைச் சூட்டுக்குப் பெரும்பாலும் செய்வதில்லை. இப்போது பல வண்டிகளில் உரசலே இல்லாத காந்தச் சென்சார் வந்துவிட்டது.

மலைப்பாதையில் பெட்ரோல் முள் ஏறி இறங்குகிறதே?

மிதவையோடு சேர்ந்த தடைதான். சரிவில் பெட்ரோல் ஒருபக்கம் சாயும், சமதரைக்கு வந்தால் சரியாகும்.

செல்போன் பேட்டரியில் மூன்றாவது தகடு எதற்கு?

பெரும்பாலும் தெர்மிஸ்டருக்கு, சூடானால் சார்ஜைக் குறைக்க.

2025 ஏப்ரல் 1-க்கு முன் தயாரான வண்டிக்கு இந்த 2பி விதி பொருந்துமா?

பொருந்தாது. ஆனால் கனெக்டரைச் சுத்தம் செய்வது எல்லா வண்டிக்கும் பொருந்தும்.