முதல் வகுப்புப் பிள்ளையும் மாலைக் கால்மணியும்

தறி வீடுகளில் தார் சுற்றும் மாலை வேளையிலும், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து உழவர் வீடுகளில் மாட்டைக் கட்டித் தீவனம் போடும் வேளையிலும், முதல் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாடத்தை உரக்கச் சொல்வதை நாம் கேட்டு மகிழ்கிறோம். வரி பிசகுவதில்லை, பக்கமும் உரிய இடத்தில் திரும்புகிறது. பெற்றோர் மனம் நிறைகிறது. ஆயினும் அப்போது பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் சிலரே. கண் தெருவில் இருக்க, வாய் மட்டும் பாடத்தைச் சொல்லுமாயின், அப்பிள்ளை வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறது. இவ்வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே கண்டுகொள்ளாவிடில், மேல் வகுப்பில் பாடம் நீளும்போது நினைவாற்றல் கைகொடாது. பிள்ளை திகைத்து நிற்கும். பள்ளி கசக்கத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

கூட்டுறவு ஏட்டில் இதனை எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். எஞ்சிய இருபதின்மரில் நம் அங்கத்தினர் குடும்பங்களும் உண்டு. கூலிப் பட்டியலையும், எடைச் சீட்டையும், கடன் பத்திரத்தையும் பிறர் படித்துச் சொல்லக் கேட்டுக் கைந்நாட்டு வைப்பவருக்கும் பொதுக்குழுவில் ஒரு வாக்கு உண்டு. ஆனால் அவ்வாக்கின் பாதி படித்துச் சொன்னவர் கையில் இருக்கிறது. அடுத்த தலைமுறை அந்நிலையில் நிற்கலாகாது என்றால், வேலை இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் தொடங்க வேண்டும்.

எழுத்தின் இயல்பு

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகத் தமிழ் எழுத்துகள் 247. இத்தனையையும் தனித்தனி உருவங்களாக மனனம் செய்ய வேண்டியதில்லை. கால் என்னும் குறியின் ஓசையை அறிந்த பிள்ளைக்குக் ‘கா’வுக்குப் பின் ‘மா’வும் ‘பா’வும் எளிதில் வந்துவிடும். ஆயினும் வழியில் சில முட்கள் உள்ளன. ‘கெ’ என்னும் எழுத்தில் பின்னர் ஒலிக்கும் உயிருக்குரிய கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கொ’விலோ குறி இருபுறமும் நிற்கிறது. உகரக் குறி ‘கு’, ‘சு’, ‘மு’, ‘து’ என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் எழுத்து ஒன்றே, ஒலி மூன்று. இவ்விடங்களில் தடுமாறும் பிள்ளையை மந்தம் என்று பழிப்பது பெருந்தவறு. இழை அறுந்தால் நெசவாளர் தறியை வைவதில்லை. நிறுத்தி, அந்த இடத்திலேயே முடிச்சிட்டுவிட்டு மேலே நெய்கிறார். தடுமாறிய எழுத்தை அன்றைக்கே எடுத்துப் பொறுமையாகப் பழக்குவதும் அத்தகையதே.

வீட்டுப் பெரியோருக்கு ஒரு சொல். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பள்ளியில் பயின்ற பாட்டனாரும் பாட்டியாரும் ‘லை’, ‘ணை’, ‘னா’, ‘றா’ முதலியவற்றைப் பழைய வடிவில் கற்றவர்கள். பேரனுக்கு எழுதிக் காட்டும்போது பள்ளிப் புத்தகத்து வடிவத்தையே பின்பற்றினால் குழப்பம் நேராது. பழைய வடிவத்தை ஒரு கதையாகப் பின்னர் சொல்லிக்கொள்ளலாம்.

படிக்கத் தெரியாத பெற்றோர் செய்வது என்ன?

“எமக்கே எழுத்துத் தெரியாது, நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்போம்?” என்று தாய்மார் பலர் கூறுவர். சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் கடமை. கேட்பதும் கவனிப்பதுமே வீட்டின் கடமை. அதற்கு எழுத்தறிவு தேவையில்லை. நாள்தோறும் மாலையில் கால்மணி நேரம் போதும்.

பிள்ளை விரலை வைத்து வாசிக்கட்டும். வாய் ஒரு சொல்லைச் சொல்லும்போது விரலும் ஒரு சொல்லைக் கடக்கிறதா என்று பாருங்கள். பாடம் முடிந்ததும், “மரம் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு” எனக் கேளுங்கள். தொட்டுக் காட்டிய இடத்தை நினைவில் வையுங்கள். சிறிது பொழுது கழித்து அதே இடத்தை நீங்கள் தொட்டு, “இது என்ன?” என்று கேளுங்கள். மீண்டும் ‘மரம்’ என்றால் நன்று. வேறு ஏதேனும் சொன்னால், பிள்ளை ஒப்பிக்கிறது என்று அறிந்துகொண்டு, மறுநாள் ஆசிரியரிடம் தெரிவியுங்கள். அடித்தலும் அதட்டலும் வேண்டா; அஞ்சிய பிள்ளை மேலும் நன்றாக ஒப்பிக்கப் பழகுமே அன்றி வாசிக்கப் பழகாது.

கண்ணுக்கு முன் காது பழக வேண்டும். ‘மாடு’ என்று சொல்லி இருமுறை கை தட்டுக; ‘மல்லிகை’ என்றால் மும்முறை. ‘ம’ என்று தொடங்கும் பொருள்களைக் கேட்டால், மஞ்சள், மண்வெட்டி, மதுரை எனப் பிள்ளை அடுக்கும். பூத் தொடுத்துக்கொண்டோ, தார் சுற்றிக்கொண்டோ ஆடக்கூடிய விளையாட்டு இது. சொல்லை ஓசைகளாகப் பிரிக்கப் பழகிய காதுக்கு, ஓசைக்குரிய எழுத்தைப் பிடிப்பது எளிதாகும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வீட்டில் ‘தண்ணி’ என்று கேட்ட பிள்ளை, நூலில் ‘தண்ணீர்’ என்று காண்கிறது. ‘பளம்’ என்றே கேட்டுப் பழகிய பிள்ளைக்குப் ‘பழம்’ என்பதன் ழகரம் புதிதாக இருக்கிறது. பேச்சைத் திருத்திப் பிள்ளையை வாயடைக்கச் செய்ய வேண்டா. “நாம் இப்படிப் பேசுகிறோம், புத்தகம் இப்படிப் பேசுகிறது” என்று சொன்னால் போதும்.

மதுரை நெசவாளர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி சௌராஷ்டிரம். அவ்வீட்டுப் பிள்ளை முதல் வகுப்பில் எழுத்தோடு மொழியையும் சேர்த்துக் கற்க வேண்டியதாகிறது. அதற்காக வீட்டு மொழியை விலக்க வேண்டுவதில்லை. பாடத்திலுள்ள கதையை முதலில் வீட்டு மொழியில் சொல்லுங்கள். பொருள் விளங்கிய பின் தமிழ்ச் சொல் மனத்தில் ஊன்றும்; பொருள் விளங்காத சொல்லோ வெறும் ஓசையாய் நின்றுவிடும்.

பள்ளியில் நடப்பது

பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட பள்ளிகளில், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அவ்விடைவெளியில் இழந்ததை ஈடுசெய்யும் நோக்குடன், முதல் மூன்று வகுப்புகளுக்காக 2022 ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. இதில் பிள்ளைகளை அவரவர் கற்ற நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என வகுத்து, அதற்கேற்ற பயிற்சி நூல்கள் வழங்கினர். மல்லிகை பயிரிடும் நம் உழவர்களுக்கு இப்பெயர்களின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரே செடியில் ஒரே காலையில் அரும்பும் உண்டு, மொட்டும் உண்டு. அரும்பை விரலால் பிரித்து யாரும் மலராக்குவதில்லை. ஆதலின் பள்ளிக்குச் செல்லும் பெற்றோர், “எத்தனையாவது இடம்?” என்று கேட்பதை விட, “எந்த எழுத்தில் தடுமாறுகிறான்? வீட்டில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?” என்று கேட்பார்களாயின், ஆசிரியருக்கும் அது பெருந்துணையாகும்.

மல்லிகை பறிக்க விடியுமுன் தோட்டத்துக்குச் செல்லும் வீடுகளில், வெறும் வயிற்றோடு பள்ளி சென்ற பிள்ளைகளை நாம் அறிவோம். பசித்த பிள்ளைக்குக் கரும்பலகை தெரிவதில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அது மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. பிள்ளையை நேரத்தோடு அனுப்பினாலன்றி இவ்வுணவும் முதற்பாடமும் அதற்குக் கிட்டா.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு

வேலை மிகுந்த வீட்டில் அக்காளோ அண்ணனோ உடனிருந்து கேட்கலாம். இது நம் திண்ணைப் பள்ளிகள் அறிந்த முறையே. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற சிறுவரைக் கொண்டே கல்லாச் சிறுவருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் இலண்டனில் அவர் இதனை நூலாக வெளியிட்டபின், ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. கடல் கடந்து மதிக்கப்பெற்ற அம்முறைக்கு நம் வீட்டு முற்றத்து மணலும், நான்காம் வகுப்புப் படிக்கும் அக்காளும் போதும்.

சங்கம் செய்யக்கூடியது

பள்ளி பாவு என்றால் வீடு ஊடை; இரண்டும் கூடினால்தான் துணி. இவ்விரண்டுக்கும் துணையாகச் சங்கம் ஒன்று செய்யலாம். அலுவலகத்தில் ஒரு சிறு அலமாரி, அதில் பெரிய எழுத்தில் அச்சிட்ட படக்கதை நூல்கள், மாலையில் ஒரு மணி நேரம் விளக்கும் பாயும். நூல்களைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர், 2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியைப் பார்த்து வரலாம். செலவு சிறிது, வட்டியோ தலைமுறைக்கு வரும்.

அங்கத்தினர்களே! நூல் கட்டின் மேலும், விதைப் பொட்டலத்தின் மேலும், மாட்டுத்தாவணிப் பேருந்தின் நெற்றியிலும் எழுத்து இருக்கிறது. பிள்ளையுடன் செல்லும்போது ஒரு சொல்லையேனும் கேளுங்கள். அடுத்த முறை சங்கத்துக்கு வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். வாசலில் உள்ள பெயர்ப்பலகையை அது எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் பொறுத்து நின்று கேளுங்கள்.